தரங்கம்பாடியில் இரண்டு இரவு

தரங்கம்பாடிக்கு இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டையும் சேர்த்தால் அந்த ஊரில் நான் இருந்த நேரம் இரண்டு மணி நேரம்கூட வராது. முதல் தடவை திருக்கடையூரில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து, சாப்பிட்ட கையோடு வேனில் ஏறி, "பக்கத்துலதான் கோட்டை இருக்கு, பார்த்துட்டுப் போயிடலாம்" என்று வந்தோம். அடுத்த தடவை வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் நின்றோம். இரண்டு முறையும் கோட்டை முன்னால் போட்டோ, கடலில் கால் நனைப்பு, சுண்டல், திரும்ப வேன். நாற்பது நிமிஷம் இருக்கும்.

இந்த மாசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது முறையாகப் போனேன். இரண்டு இரவு தங்கினோம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பாட்டி மூன்று வருஷம் படுக்கையில் இருந்து போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். அந்த மூன்று வருஷமும் பார்த்துக்கொண்டது அம்மாதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து பாட்டியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். பிறகு நாலரைக்கு எழுந்துவிடுவார், அது நாற்பது வருஷப் பழக்கம். பாட்டி போன பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது என்று அப்பா ஒருநாள் போனில் சொன்னார். அறைக்கு வெளியே வந்து காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு மறுபடி போய்ப் படுக்கிறாராம். அன்றைக்கே எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கோயில் ஊராக இருக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். கோயில் ஊர் என்றால் அம்மா காலை ஐந்து மணிக்குக் குளித்துத் தயாராகி வரிசையில் நிற்கப் போய்விடுவார், அது இன்னொரு வேலையாகிவிடும். மலை என்றால் முழங்கால் வலி. மகாபலிபுரம், புதுச்சேரி எல்லாம் சனி ஞாயிறு கூட்டத்தில் திணறுகிற ஊர்கள். கும்பகோணத்தில் இருக்கிற அம்மாவுக்குப் பக்கமாகவும் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் தரங்கம்பாடிதான் மிஞ்சியது.

நான் சென்னையிலிருந்து ரயிலில் மயிலாடுதுறை வந்தேன், அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். அங்கிருந்து பஸ். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா செம்பனார்கோயில் தாண்டியதும் சும்மா சொல்வதுபோலச் சொன்னார்: "இந்தப் பக்கமாத்தான் ரயில் போச்சு."

"எந்த ரயிலும்மா?"

"தரங்கம்பாடி ரயில்தான். சின்ன ரயிலு. எங்க அப்பாவோட அதுல வந்திருக்கேன். ஏழு வயசு. பொறையார்ல ஒரு கல்யாணம். கல்யாணம் முடிஞ்சு மறுநாள் அப்பா கடைசி ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிட்டுப் போயி கடலக் காட்டினாரு. நான் மொதமொதல்ல கடலப் பார்த்தது அங்கதான்."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் பாதை இருந்ததும், 1986-இல் அதை நிறுத்திவிட்டதும் எனக்குத் தெரியும். ஆனால் என் அம்மா கடலை முதன்முதலில் பார்த்த இடத்துக்கு நான் இரண்டு தடவை அவரோடு வந்திருக்கிறேன், அவர் அதைச் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்பச் சொல்றது? வேன்ல பாட்டுப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. எறங்கினா போட்டோ எடுன்னீங்க. அப்புறம் ஏறுன்னீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் அதிகம் உறைத்தது.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஊருக்கு ஒரு வாசல் இருக்கிறது. வெள்ளையடித்த கனமான வளைவு, மேலே 1792 என்ற ஆண்டு. டேனிஷ்காரர்கள் கட்டியது. அந்த வளைவுக்குள் நுழைந்ததும் பஸ் ஹாரன், சாலைக் கடைகளின் இரைச்சல் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிரே ராஜ வீதி நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. நிதானமாக நடந்தால் பத்து நிமிஷத்தில் கடல். பார்க்க வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு தெருவிலும் இதன் பக்கத்துச் சந்துகளிலும் அடங்கிவிடும். அதனால்தான் எல்லோரும் நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். ஆனால் ஒரே தெருவைக் காலையிலும் மதியத்திலும் மாலையிலும் இருட்டிய பிறகும் நடந்தால் அது நாலு தெரு. அது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அறை எடுத்திருந்தேன். கீழே அகலமான திண்ணை, இரண்டு மரத்தூண், சிவப்புத் தரை. அம்மா போனதும் பையை வைத்துவிட்டுத் திண்ணையைக் கையால் தடவிப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். பதினைந்து நிமிஷம் கழித்துக் கேட்டார்:

"சரிடி, இங்க ரெண்டு நாளு என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா."

"ஒண்ணும் பண்ணாம எப்படி இருக்கறது?"

நிஜமாகவே கேட்டார். முதல் நாள் முழுக்க அவருக்கு அது பிடிபடவில்லை. அறையில் இருந்த போர்வையை மடித்தார், நான் மேசையில் வைத்த டம்ளரைக் கழுவினார், வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஆய்ந்தார். நான் தடுக்கவில்லை. கைக்கு வேலை பழகியவர்களை உடனே உட்கார வைத்தால் அதுவே ஒரு தண்டனை மாதிரி ஆகிவிடும்.

மாலையில் கோட்டைக்குப் போனோம். கோட்டை முன்னால் பெரிய திறந்த மைதானம், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அந்த மைதானத்தில் நிற்பதே வேறு மாதிரி இருக்கும். 1620-இல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் டேனிஷ் வணிகர்கள் ஒப்பந்தம் போட்டு இடம் வாங்கினார்கள். தளபதி ஓவே ஜெடே டான்ஸ்போர்க் என்று பெயரிட்டு இந்தக் கோட்டையை எழுப்பினார். நாயக்கர் டேனிஷ் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. மிளகுதான் எல்லாவற்றுக்கும் காரணம். இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வணிகம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்றைக்கு நாம் தேடிப் போய் அனுபவிக்கிற அமைதி, ஒரு துறைமுகம் வேலையிழந்ததால் வந்த அமைதி. அந்தச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருக்கின்றன. சரக்கு வைத்த இடம், சமையல் செய்த இடம், கைதிகளை அடைத்த இடம். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சிதான். தமிழில் நூல்களை அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இந்தக் கோட்டையில் நாலு மாதம் சிறையில் இருந்திருக்கிறார், 1708-இல், டேனிஷ் மன்னர் அனுப்பி வந்தவரை அதே மன்னரின் கோட்டைத் தளபதியே பிடித்துப் போட்டார். அந்த அறைகளில் ஒன்றின் வாசலில் நின்று அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். 1706 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து இங்கே வந்து இறங்கியபோது சீகன்பால்குக்கு 24 வயதுதான் இருக்கும். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஒரு வயதான உபாத்தியாயரைத் தன் இடத்திலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு சமமாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அம்மா அதைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

"மணல்லயா? எங்க தாத்தா எனக்கும் மணல்லதான் எழுதக் கத்துக் குடுத்தாரு. கொல்லையில ஆத்து மணலு கொட்டி வச்சிருப்பாரு. 'அ' போட்டா விரலு எரியும்."

அப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றதையெல்லாம் அவரே கேட்டார். அந்த ஆள் எப்படி அச்சடித்தார், எழுத்து யார் செய்து கொடுத்தார்கள், இங்கேயே செத்துப்போனாரா என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதம் ஏராளமாகச் செலவாகியது, அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். காகிதத் தட்டுப்பாடு தீரப் பொறையாரில் ஒரு காகிதப் பட்டறை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகி வந்தது. தமிழில் அச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது, 1578-இல் கொல்லத்தில் ஒரு சிறு நூல் அச்சாகியிருக்கிறது. ஆனால் தொடர்ந்து நூல்களைப் போட்டுக் குவித்த பட்டறை இந்த ஊருடையது. சீகன்பால்கு 1719-இல் இறந்தபோது வயது 36. அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே கல்லறை இருக்கிறது. மறுநாள் அம்மா அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

முதல் ராத்திரி அம்மா இரண்டு மணிக்கு எழுந்தார். கதவைத் திறந்து மாடி வெளிக்குப் போனதும் எனக்கும் விழிப்பு வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் ஊரில் ஒரு சத்தமும் இல்லை, அலை மட்டும்தான். தரங்கம் என்றால் அலை. பாடி என்பது ஊர்ப் பெயர்களில் வருகிற பழைய சொல், குடியிருப்பு என்று அர்த்தம். அலைகள் பாடும் ஊர் என்று அழகாகப் பொருள் சொல்வார்கள், இலக்கணப்படி அது சரியோ இல்லையோ, ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மாடியில் நின்றால் வேறு பொருள் தோன்றாது. "இங்க யாரையும் திருப்பிப் போட வேண்டாம்ல" என்றார் அம்மா. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் நின்றோம்.

மறுநாளுக்கு நான் ஒரு தப்பு செய்து வைத்திருந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அறையிலேயே இருந்தால் அம்மாவுக்குச் சலிப்பாகிவிடுமோ என்று பயந்து, பூம்புகார், திருக்கடையூர், தில்லையாடியில் வள்ளியம்மை நினைவு மண்டபம், முடிந்தால் வேளாங்கண்ணி என்று ஒரு காருக்குச் சொல்லி வைத்திருந்தேன். காலை எட்டு மணிக்கு வண்டி வரவேண்டும். ஏழு மணிக்கு அம்மா திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தார், அப்போது மீன்காரம்மா வந்தார். தலையில் அலுமினிய அன்னக்கூடை, மேலே ஈரச் சாக்கு. இறக்கி வைத்து சாக்கை விலக்கினால் சங்கரா மீன், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, முதுகில் செம்பருத்தி நிறம், வயிற்றுப் பக்கம் வர வர வெளுத்து வெள்ளி மாதிரி. கண் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அம்மா ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தச் சிவப்பு.

"இப்பதான் கரைக்கு வந்துச்சு ஆத்தா. பாக்காதீங்க, நம்பி வாங்குங்க."

"பாக்காம வாங்கினா எங்க மாமியா சும்மா விடமாட்டாங்க" என்றார் அம்மா. மாமியார் போய் நாலு மாதம் ஆகிறது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. கொஞ்ச நேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரம்மா ஒன்றும் கேட்கவில்லை, அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு செதில் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே தன் மாமியாரைப் பற்றிச் சொன்னார். 2004 டிசம்பர் 26 காலையில் கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவராம். அதற்கு மேல் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீன்காரம்மா போனதும் அம்மா சொன்னார்: "அந்தக் காரு வேண்டாம்னு சொல்லிடுடி. கொழம்பு வைக்கச் சொல்லியிருக்கேன்."

போன் செய்து சொன்னேன். பாதிப் பணம் போயிற்று, போகட்டும்.

அன்றைக்குப் பகல் எப்படிப் போனது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. மண்சட்டியில் வைத்த குழம்பு, சோறு. சாப்பிட்டுத் தூங்கினோம். நாலு மணிக்கு மாசிலாநாதர் கோயில் பக்கம் போனோம். 1300-களின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், கல்வெட்டில் ஊர் சடங்கன்பாடி என்று வருகிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, இப்போது கருங்கல்லைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஊசியில் நைலான் நூல், இடது கால் கட்டைவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே கண்ணி கண்ணியாகப் போட்டார். நாளைக்குக் கடலுக்குப் போவீர்களா என்று கேட்டேன். "நீவாடு பாத்துத்தாம்மா" என்றார். கடலுக்குள் ஓடுகிற நீரோட்டத்துக்கு அந்தப் பெயர். எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்காமல் வலை போட்டால் வலை சுருண்டுவிடுமாம். கடலைப் பார்த்தால் எனக்கு அலைதான் தெரிகிறது, அவருக்கு அதற்கு அடியில் இருப்பது தெரிகிறது. வெளியூர்க்காரர்கள் இங்கே குளிக்க இறங்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம். காலை நனைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கற்களுக்குப் பக்கத்தில் அதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஓசோன் காற்று நிறைய, அதனால் உடம்புக்கு நல்லது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தரைமட்டத்தில் ஓசோனைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கெடுதல், அது நமக்கு வேண்டியது வானத்தில். தரங்கம்பாடிக்கு அந்தப் பெருமை தேவையே இல்லை, உப்புக் காற்றும் வெட்டவெளியும் போதும். போவதானால் தை பிற்பகுதியிலிருந்து மாசி முடிய நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது, வெயிலும் தாங்காது.

அன்று பௌர்ணமி. நான் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாள் இல்லை, அமைந்துவிட்டது. பின்னால் கோட்டைக்கும் வீடுகளுக்கும் அந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்போதே முன்னால் கடல் முடிகிற இடத்தில் ஒரு மங்கல் தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "நிலாடி." தண்ணீரிலிருந்து ஒரு கீற்று, பழுத்த பறங்கிக்காய் நிறத்தில். ஓரம் சரியான வட்டமாக இல்லை, அடியில் நசுங்கி, தண்ணீரோடு ஒட்டிக்கொண்டது போல இழுத்துக்கொண்டு வந்தது. பிறகு விடுபட்டது. அதன் பிறகு ஒரு பத்து நிமிஷம் நிறம் மாறிக்கொண்டே இருந்தது, ஆரஞ்சு, மஞ்சள், வெளுத்த மஞ்சள். மைதானத்தில் ஆடிய பையன்களில் இரண்டு பேர் மட்டையோடு வந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி ஓடினார்கள்.

"அப்பா என்னத் தோள்ல தூக்கி வச்சிருந்தாரு" என்றார் அம்மா. "இந்த எடமான்னு தெரியல. கடலப் பாத்துட்டு நான் அழுதேனாம். இவ்ளோ தண்ணிய யாரு அள்ளிக் கொட்டினாங்கன்னு கேட்டேனாம். அப்பா சாகுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம் போய்விட்டார். அம்மா அவரைப் பற்றி அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அன்றுதான். ரயிலில் தாத்தா வாங்கிக் கொடுத்த வேர்க்கடலை, ஸ்டேஷனிலிருந்து கடல் வரை நடந்தது, மணல் சுட்டது, திரும்பும்போது தூங்கிவிட்டது, எல்லாம். எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, என் தோளைப் பிடித்து எழுந்தார். ராஜ வீதியில் விளக்குகள் இடைவெளி விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தன. இரண்டு வீட்டில் டிவி சத்தம். மற்றபடி எங்கள் செருப்புச் சத்தம்தான்.

ராத்திரி மிச்சக் குழம்பைத் தோசைக்கு ஊற்றிச் சாப்பிட்டோம்.

காலையில் சூரிய உதயம் பார்க்கலாம் என்று அம்மாதான் சொல்லியிருந்தார், நாலரைக்கு நான் எழுந்துவிடுவேன், உன்னையும் எழுப்புகிறேன் என்று. நான் விழித்தபோது ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. மணி ஏழு. பக்கத்துக் கட்டிலில் அம்மா ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி அவர் எழுந்த ஞாபகமே எனக்கு இல்லை. மாடிக் கதவின் தாழ்ப்பாள் நான் போட்டது போட்டபடி இருந்தது.

சத்தம் போடாமல் கீழே இறங்கித் திண்ணையில் உட்கார்ந்தேன். மீன்காரம்மா கூடையோடு வந்தார், இறக்கி வைக்காமலே வாசலைப் பார்த்தார்.

"அம்மா இன்னும் எந்திரிக்கலயா?"

"தூங்குறாங்க."

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் போய்க் கூப்பிட்டார்.